மண்ணைப் பற்றிய நஞ்சு: மார்த்தினிக், குவாதலூப் வாழை நிலங்களில் குளோர்டெகோன்

எந்த நிகழ்வு

கரீபியக் கடலில் பிரான்ஸின் ஆட்சிக்குட்பட்ட மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் வாழைக்குத் தூவிய ஒரு பூச்சிக்கொல்லி, தூவுவதை நிறுத்தி 30 ஆண்டு கடந்தும் மண்ணில் கிடக்கிறது. அதன் பெயர் குளோர்டெகோன். குடிநீர், கிழங்கு, முட்டை, இறைச்சி, கடல் மீன், மனித ரத்தம் என்று ஒவ்வொன்றிலும் அது தென்பட்ட வரிசையும், ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்த முடிவுகளும் இங்கே பதிவாகின்றன.

மண்ணில் பிணைந்த எச்சம் என்றதும் இரண்டு விதமான பேச்சு எழும். பிணைந்துவிட்டதால் இனி யாரையும் ஒன்றும் செய்யாது என்பார்கள் சிலர். மண்ணில் இருக்கிறது, ஆகவே அங்கே விளைவதெல்லாம் விஷம் என்பார்கள் வேறு சிலர். இந்த நிலங்களில் இரண்டு கணிப்பும் பொய்த்தன. வேருக்கு விட்டுக்கொடுக்காமல் மண் பிடித்துவைத்த நஞ்சு, அதே மண்ணைக் கொத்தித் தின்ற கோழியின் குடலில் அவிழ்ந்துவிட்டது. மற்ற நாடுகளின் விவசாயிகளும் மண் ஆய்வாளர்களும் இந்த நிகழ்வைப் படிக்க வேண்டிய காரணம் இதுதான்.

பின்னணி: வண்டும் தூளும்

வாழைக் கிழங்கைக் குடையும் கூன்வண்டு நம் ஊர் வாழைக்காரர்களுக்கும் தெரிந்ததுதான். காஸ்மோபாலிட்டஸ் சார்டிடஸ் என்ற அதே வண்டு கரீபியத் தீவுகளிலும் உண்டு. புழு கிழங்கைக் குடைந்துபோன மரம், குலை தள்ளும் நேரத்தில் ஒரு காற்றுக்குச் சாய்ந்துவிடும். 1950களிலிருந்து அங்கே இதற்கு எச்சிஎச் என்ற வேறொரு பூச்சிக்கொல்லித் தூள் போட்டார்கள். அதன் எச்சமும் அந்த மண்ணில் இன்னும் இருக்கிறது.

1972ல் 'கெபோன்' என்ற பெயரில் குளோர்டெகோனுக்குத் தற்காலிக அனுமதி கிடைத்தது. 1979ல் டேவிட், 1980ல் ஆலன் என்ற இரு புயல்கள் தோட்டங்களைச் சாய்த்தன. விழுந்து அழுகிய தூர்களில் வண்டு பெருகியது. 1981ல் 'குர்லோன்' என்ற பெயரில் அதே நஞ்சு மறுபடி வந்தது. பிரான்ஸில் 1990ல் அனுமதி ரத்தான பிறகும், தீவுகளில் விதிவிலக்கு கொடுத்து 1993 வரை பயன்படுத்தினார்கள். இரு தீவுகளிலும் சேர்த்து சுமார் 300 டன் நஞ்சு மண்ணுக்குப் போயிருக்கிறது. பாதிக்கப்பட்ட பரப்பு சுமார் 20,000 ஹெக்டேர்.

இட்ட முறையைக் கவனிக்க வேண்டும். 5 விழுக்காடு நஞ்சு கலந்த தூள், ஆண்டுக்கு மரத்துக்கு 30 கிராம், தூரைச் சுற்றி வட்டமாகக் கையால் தூவுவது. 30 கிராம் தூளில் நஞ்சு 1.5 கிராம். ஹெக்டேருக்கு 2,000 மரம் என்றால் 3 கிலோ, ஏக்கருக்கு 1.2 கிலோ. பார்க்கச் சிறிய அளவுதான். ஆனால் மேல் 30 செ.மீ. மண்ணின் எடை ஹெக்டேருக்கு ஏறக்குறைய 3,000 டன். அதில் 3 கிலோவைக் கலந்தால் ஒரு கிலோ மண்ணுக்கு 1 மி.கி. வருகிறது. கிழங்குப் பயிருக்குத் தகுந்த மண் என்று பிற்காலத்தில் வகுத்த எல்லை 0.1 மி.கி. ஒரே ஆண்டின் அளவு அந்த எல்லையைப் போலப் பத்து மடங்கு. பல ஆண்டு தூவிய நிலங்களும் இருக்கின்றன. சிதையாத மருந்து என்று தெரிந்திருந்தால், இந்தப் பெருக்கலைத் தாளில் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

சிதையாது என்பது மூலக்கூறின் அமைப்பிலேயே தெரிகிறது. 10 கார்பன் அணுக்கள் மூடிய கூண்டாகக் கோத்திருக்க, சுற்றிலும் 10 குளோரின் அணுக்கள், ஓர் ஆக்சிஜன். காற்றோட்டமான மண்ணில் நுண்ணுயிர்கள் அந்தக் கூண்டை உடைப்பது மிக அரிது. நீரில் கரைவது லிட்டருக்குச் சில மி.கி. மட்டுமே. கரிமப் பொருளோடு இறுக ஒட்டிக்கொள்ளும்.

முன்பே வந்த எச்சரிக்கைகள்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஹோப்வெல் என்ற ஊரில் இதே நஞ்சைத் தயாரித்த சிறிய ஆலை 1974ல் தொடங்கி 1975 ஜூலையில் மூடப்பட்டது. கை நடுக்கம், கண் துடிப்பு, விந்தணுக் குறைவு என்று தொழிலாளர்கள் மருத்துவரிடம் போனதால்தான் விஷயம் வெளியே வந்தது. பரிசோதித்த 133 பேரில் 76 பேருக்கு நோய்க்குறிகள் இருந்தன. கழிவு கலந்த ஜேம்ஸ் ஆற்றில் மீன்பிடிக்கத் தடை விதித்தார்கள். 1988 வரை ஏதாவதொரு வடிவில் அந்தத் தடை நீடித்தது. ஆற்றின் அடிமண்ணைத் தோண்டி எடுப்பதற்குப் பெருஞ்செலவு ஆகும் என்பதால், புதிய வண்டல் மேலே படிந்து மூடட்டும் என்று விட்டுவிட்டார்கள். 1979ல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற வகையில் இந்த நஞ்சைச் சேர்த்தது.

தீவுகளுக்குள்ளேயும் தகவல் இருந்தது. குவாதலூப்பின் வாழை மண்ணிலும் அருகிலுள்ள ஆற்றிலும் குளோர்டெகோன் இருப்பதை 1977ல் ஓர் ஆய்வறிக்கை காட்டியது. உயிரினங்களின் உடலில் அது சேர்வதை 1980ல் இன்னொரு அறிக்கை காட்டியது. இந்த இரண்டும் வந்த பிறகுதான் 1981 அனுமதி கொடுக்கப்பட்டது.

ஏற்றுமதி வாழைப்பழத்தில் எச்சம் இல்லாததும் விழிப்பைத் தள்ளிப்போட்டது. வேரிலிருந்து தண்டு வழியாகக் குலை வரை இந்த நஞ்சு ஏறுவது இல்லை என்றே சொல்லலாம். மருந்தை எந்தப் பயிருக்குப் போட்டார்களோ அந்தப் பயிரின் பழத்தைச் சோதித்தால் சுத்தம் என்றே முடிவு வரும். வாழையை எடுத்துவிட்டு அதே வயலில் வைக்கும் சேப்பங்கிழங்கை அப்போது யாரும் சோதிக்கவில்லை.

வெளிப்பட்டது: 1999 முதல் 2002 வரை

1999லும் 2000லும் குடிநீரைச் சோதித்த சுகாதாரத் துறையினர், எரிமலைச் சரிவுகளின் ஊற்றுகளில் குளோர்டெகோன் இருப்பதைக் கண்டார்கள். குவாதலூப்பில் சூஃப்ரியேர் மலையின் தென்கிழக்குச் சரிவும், மார்த்தினிக்கில் வடகிழக்குப் பகுதியும் வாழை மண்டலங்கள். குடிநீரில் எந்தப் பூச்சிக்கொல்லியும் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டிய ஊற்றுகள் சிலவற்றை மூடினார்கள். மற்றவற்றுக்குச் செயலூட்டிய கரி வடிகட்டிகளை வைத்தார்கள். இந்த முடிவு விரைவாக வந்தது, பலனும் கொடுத்தது. குழாய் நீர் ஒரே இடத்தில் சுத்திகரிக்கப்படுவதால் அங்கே கட்டுப்படுத்துவது எளிது.

தட்டில் இருந்த நஞ்சு அப்படி ஓரிடத்தில் சிக்கவில்லை. 2002 ஆகஸ்டில் மார்த்தினிக்கிலிருந்து போன ஒன்றரை டன் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பிரான்ஸின் டன்கிர்க் துறைமுகத்தில் எச்சத்தோடு பிடிபட்டது. மண்ணிலிருந்து உணவுக்கு நஞ்சு போகிறது என்பது பொதுமக்களுக்குத் தெரிந்தது அப்போதுதான். 2003ல் இரு தீவுகளிலும் ஓர் ஆணை வந்தது: கிழங்குப் பயிர் வைக்கும் முன் மண்ணைச் சோதிக்க வேண்டும்.

குவாதலூப்பின் இந்த வாழை மண்டலத்தில் காப்பெஸ்தேர்-பெல்-ஓ என்ற ஊர் இருக்கிறது. 1854 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் வழித்தோன்றல்கள் அங்கே கணிசமாக வாழ்கிறார்கள். நாம் படிப்பது அவர்களுடைய நிலத்தின் கதையும்தான்.

மண்ணைப் பிரித்துப் பார்த்தபோது

பிணைந்த எச்சம் என்ற ஒரே பெயருக்குள் மூன்று வகை அடங்கியிருக்கிறது. மண்ணின் நுண்துளைகளில் சிக்கி, வேதி மாற்றம் இல்லாமல் அப்படியே இருப்பது முதல் வகை. மட்கோடு வேதிப் பிணைப்பால் இணைந்து, அதன் பகுதியாகவே மாறிப்போனது இரண்டாவது. நுண்ணுயிர் தின்று செரித்து, நஞ்சின் கார்பனைத் தன் உடலில் சேர்த்துக்கொண்டது மூன்றாவது. மூன்றாவதில் நஞ்சே இல்லை. இரண்டாவது எளிதில் திரும்பி வராது. முதல் வகைக்கு மட்டும் திரும்பும் வழி திறந்தே இருக்கிறது. குளோர்டெகோன் பெரும்பாலும் அந்த முதல் வகை.

வாழை மண்டலத்தில் மூன்று மண் உண்டு. இளம் எரிமலைச் சாம்பலில் உருவான ஆண்டோசால், அதைவிட முதிர்ந்த நிட்டிசால், பழைய செம்மண்ணான ஃபெரல்சால். மூன்றுக்கும் ஒரே தூளைத் தூவியிருந்தும் நடந்தது வெவ்வேறு.

ஆண்டோசாலின் களிமண் அலோஃபேன். சில நானோமீட்டர் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, வளைந்து நெளியும் நுண்துளைகள் கொண்ட திரள்களாகும். உள்ளே போன நஞ்சு வெளியே வருவது கடினம். கரிமப் பொருளும் அதில் அதிகம். அதனால் மொத்த அளவை அளந்தால் ஆண்டோசாலில்தான் அதிக எண் வரும். அந்த மண் எடை குறைந்தது என்பதும் எண்ணைக் கூட்டுகிறது: அதே 3 கிலோ நஞ்சு 2,000 டன் மண்ணில் கலந்தால் கிலோவுக்கு 1.5 மி.கி. ஆகிவிடும். ஆனால் சம அளவு நஞ்சுள்ள நிட்டிசாலோடு ஒப்பிட்டால், ஆண்டோசாலில் விளையும் கிழங்குக்கும் அடியில் வடியும் நீருக்கும் குறைவாகவே போகிறது. நிட்டிசாலில் எண் சிறியது, கசிவு பெரியது.

மழைநீர் மட்டுமே நஞ்சைக் கழுவிச் செல்கிறது என்று வைத்து 2009ல் வெளியான கணக்கு, நிட்டிசாலில் சில பத்தாண்டுகள், ஃபெரல்சாலில் நூற்றாண்டுகள், ஆண்டோசாலில் ஐந்நூறு ஆண்டு வரை நஞ்சு இருக்கும் என்றது. பிறகு 2019ல், மண்ணிலும் நீரிலும் குளோர்டெகோனின் சிதைவுப் பொருட்கள் பலவற்றை அடையாளம் கண்டார்கள். ஆகவே சிதைவே இல்லை என்ற அனுமானத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. மறைவு வேகமானது என்று மதிப்பிடும் ஆய்வுகளும் வந்துள்ளன. காலக்கெடு பற்றிய விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. இன்றைக்கு எதை நடலாம் என்ற முடிவுக்கு அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

முதல் முடிவு: மண்ணைச் சுத்தம் செய்வதைவிடப் பயிரை மாற்றுவது

20,000 ஹெக்டேர் மண்ணை அள்ளி எங்கே கொண்டுபோவது? மலைச் சரிவில் மேல்மண்ணை எடுத்தால் மிச்சம் பாறைதான். அதனால் மண்ணை அளந்து, அந்த எண்ணுக்கேற்ற பயிரைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவானது.

2008ல் பயிர் விளைபொருளுக்கு உணவு எல்லை கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் என்று வகுத்தார்கள். கிழங்குகள் மண்ணிலுள்ள அளவில் அதிகபட்சம் ஐந்தில் ஒரு பங்கை எடுக்கின்றன. ஆகவே மண்ணில் 0.1 மி.கி., அதாவது 100 மைக்ரோகிராம் வரை இருந்தால் கிழங்கு எல்லைக்குள் நிற்கும். வெள்ளரி, பரங்கி, கீரை இலைகள் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதில்லை. ஆகவே அவற்றுக்கு 1 மி.கி. வரை பொறுக்கலாம். இந்த இரண்டு எண்களால் நிலம் மூன்றாகப் பிரிந்தது.

0.1க்குக் கீழே எதையும் நடலாம். 0.1க்கும் 1க்கும் நடுவே சேப்பங்கிழங்கு, பெருவள்ளி, சர்க்கரைவள்ளி, கேரட், முள்ளங்கி வேண்டாம். 1க்கு மேலே தரையை ஒட்டி விளையும் வெள்ளரி, பரங்கி, லெட்யூஸ் ஆகியவையும் வேண்டாம். வாழை, தக்காளி, கத்தரி, மிளகாய், பப்பாளி, எலுமிச்சை வகைகள், சீமைப்பலா, சௌசௌ, துவரை ஆகியவற்றை எந்த மண்ணிலும் வைக்கலாம். மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் பாகம்தான் நஞ்சை வாங்குகிறது. உயரே காய்ப்பதற்கு வந்து சேர்வதில்லை. ஒரே செடிக்குள்ளும் இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்க்கலாம். கிழங்கின் தோலில் அதிகம், சதையில் குறைவு. கரும்பின் அடிக்கணுவில் அதிகம், மேலே போகப் போகக் குறைவு. அதனால்தான் கிழங்கைக் கழுவி, தோலைத் தடிமனாகச் சீவச் சொன்னார்கள்.

எல்லை எண்கள் பெரும்பாலான இடங்களில் பாதுகாப்பின் பக்கமே சாய்கின்றன. ஆண்டோசாலில் 0.3 மி.கி. உள்ள ஒரு வயலின் கிழங்கு எல்லைக்குள்ளேயே இருக்கக்கூடும். அந்த விவசாயி காரணமில்லாமல் ஒரு பயிரை இழக்கிறார். ஆனாலும் மண் வகைக்கு ஓர் எல்லை என்று வைக்காமல், எல்லோருக்கும் ஒரே எல்லை வைத்தது சரி என்றே நாங்கள் கருதுகிறோம். சரிவில் மண் வகை சில நூறு மீட்டரில் மாறிவிடும். எது எங்கே முடிகிறது என்று வயலில் நின்று சொல்ல முடியாது.

மண் மாதிரி எடுப்பதில் நேர்ந்த பிழைகள்

தூளைத் தூரைச் சுற்றி வட்டமாகத் தூவியதால், வயலுக்குள் அடிக்கு அடி அளவு மாறுகிறது. ஒரே இடத்தில் மண் எடுத்தால், பழைய தூருக்கு அருகில் மிக அதிகமாகவும் இரண்டு வரிசைக்கு நடுவே மிகக் குறைவாகவும் காட்டும். அதனால் ஒரு வயலுக்கு 20 இடத்தில், துளைப்பானால் 30 செ.மீ. ஆழம் வரை எடுத்து, வாளியில் நன்றாகக் கலந்து ஒரே மாதிரியாக அனுப்பும் முறை நிலைத்தது. முன்பு வெவ்வேறு பயிர் இருந்த துண்டுகளை ஒரே மாதிரியில் சேர்க்கக் கூடாது. ஒரு பாதியில் வாழை, மறுபாதியில் எப்போதும் மேய்ச்சல் நிலம் என்றால், சேர்த்துக் கலந்த மாதிரி இரண்டைப் பற்றியும் பொய் சொல்லும்.

அடுத்த பிழை ஈரத்தால் வருவது. ஆண்டோசால் தன் உலர் எடைக்குச் சமமாகவே நீரைப் பிடித்துவைக்கும். ஈர மண்ணின் எடைக்குக் கணக்குப் போட்டால் உண்மை அளவில் பாதிதான் தெரியும். அறிக்கையில் 'உலர் எடைக்கு' என்று எழுதியிருக்கிறதா என்பதைப் பார்த்த பிறகே எல்லையோடு ஒப்பிட வேண்டும்.

மூன்றாவது, ஆழ உழவு. நிட்டிசால் நிலங்களில் வாழைக்காக ஆழமாக உழுததால் நஞ்சு 60 செ.மீ.க்கும் கீழே இறங்கியிருக்கிறது. மேல் 30 செ.மீ.யின் எண் குறைந்ததைப் பார்த்து, நிலம் தேறிவிட்டது என்று நினைத்தவர்கள் உண்டு. நஞ்சு நீர்த்திருக்கிறது, போகவில்லை. வேரும் அடிநீரும் அதைத் தொடும் ஆழம்தான் கூடியிருக்கிறது.

இரண்டாவது முடிவு: கொல்லைத் தோட்டமும் கோழியும்

பெரிய பண்ணைகளின் விளைச்சல் சந்தை வழியாகப் போவதால் அதைச் சோதிக்க முடிகிறது. வீட்டுக் கொல்லையில் விளைவதும், அக்கம்பக்கத்தில் கைமாறுவதும், சாலையோரம் விற்பதும் எந்தச் சோதனையிலும் சிக்காது. குடும்பத் தோட்டங்களுக்கு இலவச மண் சோதனையும் வீட்டுக்கே வந்து ஆலோசனையும் கொடுக்கும் திட்டத்தை 2009ல் தொடங்கினார்கள். பாதிக்கப்பட்ட மண்ணில் வீட்டில் விளைந்த கிழங்கை வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் உண்ண வேண்டாம் என்ற அறிவுரையும் வந்தது. சந்தை எல்லையை இன்னும் குறைப்பதைவிட, முறைசாரா வழியில் வரும் உணவைப் பற்றிய அறிவுரைதான் அதிகப் பயன் தரும் என்று பிரான்ஸின் உணவுப் பாதுகாப்பு முகமையான அன்செஸ் 2017ல் கூறியது. மிகப் பொருத்தமான முடிவு அது.

இங்கேதான் கோழியின் பங்கு வருகிறது. வேர் கொஞ்சமாகவே எடுக்கிறது என்றால், மண்ணைக் கொத்தும் பறவைக்கும் கொஞ்சமாகவே போகும் என்று ஊகிப்பது இயல்பு. அதைச் சோதித்துப் பார்த்தார்கள். முட்டைக் கோழி, செம்மறிக் குட்டி, பன்றிக்குட்டி ஆகியவற்றுக்கு ஒரு பக்கம் நஞ்சேறிய ஆண்டோசால், நிட்டிசால் மண்ணையும், இன்னொரு பக்கம் அதே அளவு நஞ்சை எண்ணெயில் கலந்தும் கொடுத்தார்கள். உடலில் சேர்ந்த அளவில் பொருட்படுத்தக்கூடிய வேறுபாடு இல்லை. மண் தடுக்கவே இல்லை.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். வேர் மண்நீரில் கரைந்ததை மட்டுமே உறிஞ்சும். மண்நீரில் கரைந்திருப்பது மிகச் சொற்பம். குடலிலோ வெப்பம், அமிலம், அரைப்பு, பித்தநீர், கொழுப்பு எல்லாம் உண்டு. பித்தநீர் சோப்பைப் போல வேலை செய்து, நீரில் கரையாததையும் இழுத்துக்கொள்கிறது.

கணக்குப் போட்டால் ஆபத்தின் அளவு தெரியும். வெளியே மேயும் கோழி நாளுக்கு 10 கிராம் மண் தின்பது சாதாரணம். கிலோவுக்கு 1 மி.கி. உள்ள மண்ணில் அது 10 மைக்ரோகிராம் நஞ்சு. 60 கிராம் முட்டையில் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் என்ற எல்லையை எட்ட 1.2 மைக்ரோகிராம் போதும். தின்றதில் எட்டில் ஒரு பங்கு முட்டைக்குப் போனாலே எல்லை தாண்டிவிடும். வெள்ளரி வைக்கத் தகுதியான நிலத்தில் கோழியை அவிழ்த்துவிட முடியாது. பாதிக்கப்பட்ட கொல்லைகளில் தளம் போட்ட கூண்டில் கோழி வளர்க்கச் சொன்னது இதனால்தான். தவழும் குழந்தை மண்ணுக் கையை வாயில் வைப்பதையும் இதே கணக்கில்தான் பார்க்க வேண்டும்.

மாட்டுக்கும் இதே வழிதான். புல் குட்டையாக இருக்கும்போதும், மழைக்காலத்திலும், முளையில் கட்டி மேய்க்கும்போதும் புல்லோடு மண் அதிகமாக வாய்க்குள் போகும். கொழுப்பில் கரையும் மற்ற நஞ்சுகளைப் போல் இல்லாமல், குளோர்டெகோன் கொழுப்பைவிட ஈரலில் அதிகமாகத் தங்கும். ஆனால் இதில் ஒரு நல்ல செய்தி உண்டு: சுத்தமான தீவனத்துக்கு மாற்றினால் மாட்டின் உடலிலிருந்து சில வாரங்களில் பாதி வெளியேறுகிறது. ஆகவே அறுப்புக்கு முன் ரத்தம் எடுத்துப் பார்த்து, எத்தனை நாள் சுத்தமான இடத்தில் கட்ட வேண்டும் என்று தீர்மானிக்கும் முறை வந்தது. மண்ணைச் சுத்தம் செய்ய முடியாத இடத்தில் மாட்டைச் சுத்தம் செய்ய முடிந்தது.

மண்ணிலேயே செய்து பார்த்தவை

இரண்டு திசையில் முயன்றார்கள். ஒன்று, உடைப்பது. இரும்புத் தூளையும் கரிமப் பொருளையும் கலந்து, நீர் நிறைத்து, காற்றில்லாத நிலையை உண்டாக்கினால், குளோரின் அணுக்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுகின்றன. ஆய்வகத் தொட்டிகளில் நிட்டிசாலிலும் ஃபெரல்சாலிலும் சுமார் 70 விழுக்காடு குறைந்தது. ஆண்டோசாலில் கால் பங்கு கூடக் குறையவில்லை. நுண்துளைகள் வேருக்குத் தடையாக இருப்பதுபோல் இரும்புக்கும் தடையாக இருக்கின்றன. செலவு மிக அதிகம், சரிவு நிலத்தில் நீர் நிறுத்துவதும் கடினம்.

மற்றது, பூட்டுவது. ஆண்டோசாலில் எடைக்கு 5 விழுக்காடு அளவில் மக்கிய உரம் கலந்தபோது, நுண்துளைகள் சுருங்கி நஞ்சை மேலும் இறுக்கின. பயிருக்குப் போன அளவு குறைந்தது. ஆனால் 5 விழுக்காடு என்பது 2,000 டன் மண்ணுக்கு 100 டன் உரம். கொல்லைத் தோட்டத்துக்குச் சாத்தியம், பெரு நிலத்துக்கு இல்லை. உரம் மட்கிப்போன பிறகும் பூட்டு நிற்கிறதா என்று ஆண்டுதோறும் பயிரைச் சோதிக்க வேண்டும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: உரம் போட்டுப் பயிரில் அளவு குறைந்தாலும், அந்த மண்ணில் கோழி மேய்ந்தால் முட்டைக்குப் பாதுகாப்பு இல்லை. குடலுக்கு எதிராக அந்தப் பூட்டு நிற்கும் என்று காட்டிய பின்புதான் அதைத் தீர்வு என்று அழைக்கலாம்.

தொடர்ந்து நடந்தவை

2009ல், எளிதில் சிதையாத நஞ்சுகளுக்கான பன்னாட்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை குளோர்டெகோனை ஒழிக்க வேண்டிய நஞ்சுகளின் பட்டியலில் சேர்த்தது. 2013, 2014ஆம் ஆண்டுகளில் எடுத்த ரத்த மாதிரிகளில், இரு தீவுகளிலும் பெரியவர்களில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டோரிடம் நஞ்சு தென்பட்டது. குவாதலூப்பில் நடந்த ஆய்வு, ரத்தத்தில் அளவு கூடுவதோடு புராஸ்டேட் புற்றுநோய் அபாயம் கூடுவதை 2010ல் காட்டியது. தாய்மார்களைத் தொடர்ந்த ஆய்வு, குறைப்பிரசவத்தோடு தொடர்பைக் கண்டது. 2021 டிசம்பரில், பூச்சிக்கொல்லியோடு வேலை செய்தவர்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோயைத் தொழில்நோய் என்று பிரான்ஸ் ஏற்றது. 2006ல் தொடுத்த குற்றவியல் புகாரை 2023 ஜனவரியில், யார்மீதும் வழக்கில்லை என்று முடித்துவைத்தார்கள். தீவுகளில் அது ஆறாத கோபம்.

2021ல் அன்செஸ் பாதுகாப்பான தினசரி அளவை உடல் எடையில் கிலோவுக்கு 0.17 மைக்ரோகிராம் என்று குறைத்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 10 மைக்ரோகிராம். உணவு எல்லையின் விளிம்பில் இருக்கும் கிழங்கை அரை கிலோ உண்டால் அந்த 10 நிறைந்துவிடும். ஹோப்வெல் தொழிலாளர்களிடம் அளந்தபோது, ரத்தத்தில் நஞ்சு பாதியாகக் குறைய ஏறக்குறைய ஐந்து மாதம் ஆனது. வழியை அடைத்தால் உடல் தானாகவே தேறும். கொல்லைத் தோட்டத் திட்டத்தின் முழு அடிப்படையும் இதுதான்.

எதிர்பாராத ஒன்றும் தெரியவந்தது. கடலடி வண்டலை அடுக்கடுக்காக அளந்து 2021ல் வெளியான ஆய்வு, குளோர்டெகோன் கடலுக்கு வரும் அளவு 1990களின் பிற்பகுதியிலிருந்து கூடியதைக் காட்டியது. தடை வந்த பிறகு கூடியிருக்கிறது. கிளைஃபோசேட் களைக்கொல்லி பரவியபோது தரை வெறுமையாகி, மேல்மண் அரித்து, மண்ணோடு பிணைந்திருந்த நஞ்சும் சேர்ந்து போயிருக்கிறது என்பது அவர்கள் முடிவு. மண் துகளோடு எவ்வளவு இறுகப் பிணைந்திருந்தாலும், துகளே நகர்ந்தால் பிணைப்பால் பயனில்லை.

எவற்றை மாற்ற வேண்டும்

பூச்சிக்கொல்லியை அனுமதிக்காகப் பதிவு செய்யும் கட்டத்தில், மருந்து போடும் பயிரோடு நிறுத்தாமல், அதே வயலில் அடுத்து வரக்கூடிய கிழங்குப் பயிரிலும் எச்சத்தை அளக்க வேண்டும். ஆண்டு அளவை மண்ணின் எடையால் வகுத்து, பத்து ஆண்டுக்குப் பெருக்கி, அந்த எண்ணை விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் எழுதவைக்க வேண்டும்.

பாதிக்கப்பட்ட நிலத்தில் ஓர் எண் போதாது. கரைப்பானில் பிரித்தெடுக்கும் மொத்த அளவு, பயிருக்குப் போகும் அளவு, குடல் நிலையில் விடுபடும் அளவு ஆகிய மூன்றும் தேவை. மொத்த அளவு மட்டும் கையில் இருந்தால், கோழிக்கும் குழந்தைக்கும் முழு அளவும் விடுபடும் என்றே கொள்ள வேண்டும். பயிர் ஆலோசனையும் கால்நடை ஆலோசனையும் ஒரே தாளில் வர வேண்டும். தீவுகளில் பயிர் எல்லை பல ஆண்டு முன்னே வந்தது. கோழியைப் பற்றிய தெளிவு பிந்தி வந்தது. இடைப்பட்ட காலத்தில், கிழங்கை நிறுத்திய குடும்பங்கள் முட்டையை நிறுத்தவில்லை.

நஞ்சுள்ள சரிவில் களைக்கொல்லியைக் குறைத்து, மூடுபயிர் வைத்து, வரப்பில் புல் விட வேண்டும். ஆழ உழவைத் தவிர்க்க வேண்டும்.

கூன்வண்டுக்கு இன்று அதே தீவுகளில் திசு வளர்ப்புக் கன்று, நடவுக்கு முன் நிலத்தைத் தரிசாகப் போடுவது, சார்டிடின் என்ற கவர்ச்சிப் பொருள் வைத்த பொறி ஆகியவற்றைக் கையாள்கிறார்கள். வண்டு அதிகம் பறக்காது, மெதுவாக ஊர்ந்தே பரவும். அதனால் வாழையில்லாத இடைவெளி அதைப் பட்டினி போடுகிறது. கிழங்கைச் சீவி நடுவதும், பிளந்த தண்டுத் துண்டைப் பொறியாக வைப்பதும் நம் பக்கம் ஏற்கெனவே தெரிந்த முறைகள்.

இன்னும் தீராத ஒன்று, சிதைவுப் பொருட்கள். வழக்கமான மண் சோதனை குளோர்டெகோனை மட்டும் தேடுகிறது. குளோரின் கழன்ற பொருட்கள் மூல நஞ்சைவிட நீரில் எளிதாக நகரக்கூடியவை. இரும்புத் தூள் போட்ட வயலிலும், தானாகச் சிதையும் வயலிலும், மூல நஞ்சு குறைந்தது என்று அறிக்கை எழுதும்போது அவற்றின் அளவையும் அதே அட்டவணையில் சேர்க்க வேண்டும்.